டாக்டர் மருமகளுக்கு ஒரு கடிதம்

நாகரசம்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கயல்,

தை மாதம் கல்யாணம் என்று உறுதியாகிவிட்டதாக அண்ணன் நேற்று போனில் சொன்னார். மனசு நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு அகதிகளாகப் போய், அந்தக் குளிரில் வேர் பிடித்து, பிள்ளைக்குத் தமிழும் சொல்லிக்கொடுத்து வளர்த்த குடும்பம். நீ போகப்போகிற டார்ட்முண்டுக்குப் பக்கத்து ஊரான ஹம்மில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறதாமே, வருஷா வருஷம் தேர் இழுக்கிறார்களாமே! உனக்கு அங்கே ஊர் ஞாபகத்துக்குக் குறை இருக்காது.

ஆனால் அண்ணன் போனை வைக்கும் முன் சொன்ன ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. “மாப்பிள்ளை ஜெர்மன் சிட்டிசன். கயல் அங்கே இறங்கினதும் ஆஸ்பத்திரியில் சேர்ந்துடலாம்” என்றார். இதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் விமானம் ஏறினால் வருஷக்கணக்கில் வீட்டில் உட்கார நேரும். எனக்குப் பின்னால் மருத்துவம் படித்து வந்த கெட்டிக்காரப் பெண்கள் சிலர் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். லேபர் வார்டில் நடுராத்திரி கை நடுங்காமல் நின்றவர்கள். கல்யாணமாகிப் போனார்கள், விசா வந்தது, பிள்ளை வந்தது, படித்தது கைவிட்டுப் போனது. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. டாக்டர் பதிவு வேறு, விசா வேறு என்பதைப் புறப்படும் முன் எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. உனக்கு நான் சொல்கிறேன்.

மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் உனக்கு என்ன தரும் என்பதை முதலில் பார். ஜெர்மன் குடிமகனின் மனைவியாக அங்கே வாழ அனுமதி கிடைக்கும். அந்த அனுமதியிலேயே வேலை பார்க்கும் உரிமையும் சேர்ந்திருக்கும். தனியாக வேலை விசா தேடி அலைய வேண்டாம். அதற்கு மேல் அந்தப் பாஸ்போர்ட்டால் ஒன்றும் ஆகாது. உன் எம்.பி.பி.எஸ்.ஸை அந்த நாடு ஏற்பதா என்பதை உன் படிப்பையும் உன் ஜெர்மனையும் வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். டாக்டராக முழுப் பதிவு பெறுவதற்கு அங்கே அப்ரோபாட்சியோன் என்று பெயர். அது கையில் இல்லாமல், அல்லது அதற்கு முந்தைய தற்காலிக அனுமதி இல்லாமல், ஒரு நோயாளிக்கும் நீ மருத்துவம் பார்க்கக் கூடாது. சொந்தக்காரர் கிளினிக்கில் கைக்கு உதவியாகக்கூட வேண்டாம் கண்ணு, அனுமதி இல்லாமல் வைத்தியம் பார்ப்பது சட்டப்படி குற்றம். ஆஸ்பத்திரியில் பார்வையாளராக நின்று கற்றுக்கொள்ள அனுமதிப்பார்கள். அதை மட்டும் கேட்டு வாங்கு.

கல்யாணத்தால் அங்கே வாழ வந்தவர் டாக்டராக வேலை செய்யலாமா என்ற கேள்வி உனக்கு முன்பே ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதுவும் நீ போகப்போகிற அதே மாநிலத்திலிருந்து. எமிர் குல் என்று ஒரு டாக்டர். சைப்ரஸ் குடிமகன், துருக்கிய வம்சம், இஸ்தான்புல்லில் மருத்துவம் படித்தவர். அவர் மனைவி பிரிட்டிஷ் குடிமகள், ஜெர்மனியில் முடி திருத்தும் வேலை பார்த்தவர். குல் ஜெர்மன் ஆஸ்பத்திரிகளில் தற்காலிக அனுமதியில் வேலை செய்து, மயக்க மருந்து நிபுணராகவும் ஆனார். அதன் பிறகும் டுசல்டார்ஃப் அதிகாரிகள் அவர் அனுமதியை நீட்டிக்க மறுத்தார்கள். வழக்கு லக்சம்பர்க்கில் இருக்கும் அந்த நீதிமன்றத்துக்குப் போனது. வேறொரு உறுப்பு நாட்டுக்குப் போய் வேலை செய்யும் ஐரோப்பியக் குடிமகளின் கணவர் எந்த நாட்டவராக இருந்தாலும் அங்கே வேலை செய்யலாம், மருத்துவத் தொழிலும் அதில் அடக்கம் என்று 1986 மே 7 அன்று தீர்ப்பு வந்தது. ஆனால் அந்த நாடு கேட்கும் தகுதி அவரிடம் இருக்க வேண்டும், தொழில் விதிகளுக்கு அவர் கட்டுப்பட வேண்டும் என்பதையும் நீதிபதிகள் சேர்த்தே சொன்னார்கள். தீர்ப்பின் இந்த இரண்டாம் பகுதியைத்தான் நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை.

இன்னொன்றும் கவனி. குல்லின் மனைவி அப்போது உறுப்பு நாடாக இருந்த பிரிட்டனின் குடிமகள், வேலை செய்ததோ ஜெர்மனியில். அதனால்தான் ஐரோப்பியச் சட்டம் அவர்களுக்குத் துணை நின்றது. உன் மாப்பிள்ளை ஜெர்மன்காரர், ஜெர்மனியிலேயே இருக்கிறார். அதனால் உனக்குப் பொருந்துவது அந்த நாட்டின் உள்நாட்டுச் சட்டம். நாளைக்கு நீங்கள் இருவரும் ஆஸ்திரியாவுக்கோ நெதர்லாந்துக்கோ குடிபெயர்ந்தால் ஐரோப்பியச் சட்டம் உன் பக்கம் வரும். ஜெர்மனி உன் பட்டத்தை ஏற்று, நீ அங்கே 3 ஆண்டு டாக்டராக வேலை பார்த்திருந்தால், மற்ற உறுப்பு நாடுகளும் அதை எங்கோ வெளியில் வாங்கிய பட்டம் என்று ஒதுக்க முடியாது. அப்போதும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், ஆனால் தொடக்கத்திலிருந்து வரச் சொல்ல மாட்டார்கள். ஆகவே முதல் நாட்டில் பதிவை முழுதாக முடித்துவிட்டு நகருவது நல்லது.

ஜெர்மன் சட்டம் உனக்குச் சாதகமாக மாறிய கதையும் உண்டு. முன்பெல்லாம் முழுப் பதிவு பெற ஜெர்மன் குடிமகனாகவோ ஐரோப்பியக் குடிமகனாகவோ இருக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தற்காலிக அனுமதிதான். 2012 ஏப்ரல் 1 முதல் அந்தக் குடியுரிமை நிபந்தனை போய்விட்டது. ஆகவே பதிவுக்காக இந்தியக் குடியுரிமையை விட வேண்டியதில்லை. “சீக்கிரம் ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்துவிடு” என்று யாராவது அவசரப்படுத்தினால், இதற்கும் டாக்டர் பதிவுக்கும் சம்பந்தமில்லை என்று சொல். நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. அது ஆற அமர எடுக்க வேண்டிய முடிவு.

டார்ட்முண்டில் இருந்தால் உன் விண்ணப்பம் மியூன்ஸ்டர் நகரத்தில் இருக்கும் மாநில அலுவலகத்துக்குப் போகும். உன் பாடத்திட்டத்தை அவர்கள் பாடத்திட்டத்தோடு ஒப்பிடுவார்கள். இந்தியப் பட்டம் பெரும்பாலும் தேர்வில்தான் முடியும். அறிவுத் தேர்வு, அவர்கள் மொழியில் கென்ட்னிஸ்ப்ரூஃபுங். பொது மருத்துவமும் அறுவை மருத்துவமும் அதில் பிரதானம். நோயாளியைப் பரிசோதித்து, தேர்வாளர்கள் முன்னால் வாயால் பதில் சொல்ல வேண்டும். தவறினால் இன்னும் 2 முறை முயலலாம், அவ்வளவுதான். தர்மபுரி மெடிக்கல் காலேஜில் பைனல் இயர் கிளினிக்ஸில் நீ எப்படிக் கேஸ் பிரசென்ட் பண்ணினாய் என்று உன் புரொபசரே என்னிடம் சொன்னார். படிப்பைப் பற்றி எனக்குப் பயமில்லை.

பயமெல்லாம் மொழியைப் பற்றித்தான். மனைவி விசாவுக்கு ஏ1 போதும். அதை முடித்துவிட்டு “ஜெர்மன் முடிந்தது” என்று நம்மவர்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள். டாக்டருக்குப் பொது மொழியில் பி2 வேண்டும், அதற்கு மேல் சி1 தரத்தில் மருத்துவ மொழித் தேர்வு ஒன்று உண்டு. 20 நிமிஷம் நோயாளியாக நடிப்பவரிடம் விவரம் கேட்பது, 20 நிமிஷம் அதைக் கேஸ் ஷீட்டாக எழுதுவது, 20 நிமிஷம் இன்னொரு டாக்டரிடம் அதை ஒப்படைப்பது. ஒரு கிழவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தன் ஊர்ப் பேச்சில் புலம்பினால் உனக்குப் புரிய வேண்டும், அவள் பயத்துக்கு நீ பதில் சொல்ல வேண்டும். போச்சம்பள்ளிச் சந்தை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வருகிற பாட்டிகள் “அடிவயிறு கடுக்குது”, “உடம்பு அசத்துது” என்று சொல்லும்போது எந்தப் புத்தகமும் உதவாததை நீயே பார்த்திருக்கிறாய். வைத்தியத்தில் பாதி காதால் செய்வது. அதை ஜெர்மனில் செய்யப் பழக மாதங்கள் ஆகும். அதனால் இன்றைக்கே தொடங்கு.

அடுத்து காகிதங்கள். இதில்தான் நம் பெயர்வழக்கம் காலை வாருகிறது. உன் பட்டத்தில் “ஆர். கயல்விழி”. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் வருகிறது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் எழுத்துக்கூட்டலே வேறு. இவை மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், மியூன்ஸ்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? கல்யாணத்துக்கு முன்பே பல்கலைக்கழகத்திலும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிற மாதிரி திருத்த முடிந்ததைத் திருத்திக்கொள். கல்யாணமானதும் கணவர் பெயரைச் சேர்க்காதே. பாசத்தில் செய்வது, ஆனால் நாலாவதாக ஒரு பெயர் முளைத்துவிடும். பதிவு முடிந்த பிறகு ஆசைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

கிண்டியில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மார்க் விவரம் மட்டும் வாங்கிக்கொண்டு வராதே. ஒவ்வொரு பாடமும் எத்தனை மணி நேரம் நடந்தது என்ற பாடத்திட்ட விவரத்தையும் கையெழுத்து முத்திரையோடு வாங்கு. ஹவுஸ் சர்ஜனாக எந்தத் துறையில் எத்தனை வாரம் இருந்தாய் என்ற சான்றிதழை காலேஜில் வாங்கு. உன் மேல் புகார் எதுவும் இல்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் தரும் நன்னடத்தைச் சான்றையும் போலீஸ் சான்றையும் கடைசியில் எடு. அவை பழையதாகிவிட்டால் திரும்பக் கேட்பார்கள். கல்யாணம் எப்படி நடந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். மாப்பிள்ளை வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் பெரும்பாலும் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவாகும். அதற்கு 30 நாள் நோட்டீஸ் உண்டு, அவர் லீவு எடுக்கும் தேதியை அதை வைத்துக் கணக்குப் போடச் சொல். லட்சக்கணக்கில் கேட்டு “எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பவர்களிடம் போகாதே. அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதே.

புறப்படும் நாள் வரை டியூட்டியை விடாதே. கல்யாண வேலை இருக்கிறது என்று அம்மா கூப்பிடுவார், ஜவுளி எடுக்க நானும் அண்ணியும் போய்க்கொள்கிறோம். இடைவெளி விழுந்த டாக்டரை எந்த நாடும் இரண்டாம் முறை பார்க்கும்.

நீட் பி.ஜி. எழுதிவிட்டுப் போகலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பது என் எண்ணம். அங்கே மேல்படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பதிவு பெற்றதும் ஆஸ்பத்திரிக்கு நேரே விண்ணப்பித்து, சம்பளம் வாங்கிக்கொண்டே நிபுணர் பயிற்சி எடுக்கலாம். உனக்குப் பிடித்த மகப்பேறு மருத்துவத்துக்கு 5 ஆண்டு. ஆனால் ஒரு நாள் இங்கே திரும்பி வர நினைத்தால் இதையும் எடை போட்டுக்கொள்: இந்தியா நேரடியாக ஏற்கும் வெளிநாட்டு முதுநிலைப் பட்டங்கள் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய 5 நாடுகளுடையவை. ஜெர்மனி அதில் இல்லை. மாப்பிள்ளையோடு இதைக் கல்யாணத்துக்கு முன்பே பேசு. பிள்ளை எப்போது, படிப்பு எப்போது, நீ தேர்வுக்குப் படிக்கும் மாதங்களில் வீட்டை யார் பார்ப்பது, எல்லாவற்றையும் பேசு. நல்ல பிள்ளையாகத் தெரிகிறார், கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். தமிழ் படிக்கச் சிரமப்படுவார் என்றால் இந்தக் கடிதத்தை நீயே வாசித்துக் காட்டு.

பெங்களூரில் ஜெர்மன் அரசு ஆதரவில் நடக்கும் கோதே நிலையத்தில் அடுத்த வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று விசாரித்துச் சேர்ந்துவிடு. கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வர முடியாது, ஆன்லைன் வகுப்பு இருந்தால் நைட் டியூட்டியோடு ஒத்துப்போகும். ஏ1க்கு மட்டும் கட்டாதே, பி2 வரைக்கும் என்ன ஆகும் என்று கேட்டுச் சொல். என் பென்ஷன் பணத்திலிருந்து நான் கட்டுகிறேன். அண்ணனிடம் கேட்க வேண்டாம், அவருக்குக் கல்யாணச் செலவே போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது பாஸ்போர்ட்டையும் சான்றிதழ் பைலையும் எடுத்து வா, எழுத்துக்கூட்டல் எங்கெங்கே மாறியிருக்கிறது என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அத்தை