ஜெயங்கொண்டத்து வெயிலுக்கு எந்த ரோஜா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாசியில் தெருவில் வந்த டெம்போவில் பூவும் மொட்டுமாக இருந்த நான்கு ரோஜாச் செடிகளை வாங்கி வைத்ததாகவும், கத்திரி முடிவதற்குள் மூன்று பட்டுப்போனதாகவும், உங்களுக்குக் கைராசி இல்லை என்று வீட்டில் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். கைராசியை இதில் இழுக்காதீர்கள். மாசியில் வாங்கிய ஒட்டு ரோஜா ஜெயங்கொண்டத்தில் முதல் கோடையைத் தாண்டுவதே பெரிய விஷயம். ஒன்று பிழைத்திருக்கிறதே, அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். நம் வெயிலுக்கு எந்த ரோஜா என்று பலரும் கேட்பதால் பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில், எந்த ரோஜா என்பது. நம் தெருக்களுக்கு வரும் செடிகளில் பல ஆந்திராவின் கடியம் பக்கத்து நர்சரிகளிலிருந்தும் ஓசூர், பெங்களூர் பக்கமிருந்தும் வருகின்றன. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் ஊர் 100 மீட்டருக்கும் கீழே. அங்கே உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கிற செடி இங்கே சித்திரையில் ரூபாய் நாணயம் அளவுக்குப் பூத்து அன்று மாலையே உதிரும். செடியைக் குறை சொல்லிப் பயனில்லை, அது குளிருக்குப் பழகியது.

ஆகவே உங்கள் வீட்டுக்கு என் முதல் தேர்வு பன்னீர் ரோஜாதான். நர்சரிகளில் எட்வர்டு ரோஜா என்றும் கேட்கலாம். நிலக்கோட்டைப் பக்கம் மாலைக்காக ஏக்கர் கணக்கில் வளர்ப்பது இதைத்தான். 'ரோஸ் எட்வர்ட்' என்ற இந்த இனத்தின் பூர்வீகம் ரீயூனியன் தீவு என்று சொல்வார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய நம் மக்கள் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன அதே தீவு. வெயில் தாங்கும், மணம் உண்டு, குச்சியை ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும். ஒட்டு தேவையில்லாததால் செடி எங்கே துளிர்த்தாலும் அது பன்னீர் ரோஜாவாகவே இருக்கும். அடுத்தது ஆந்திரா ரெட். தலையில் வைக்கச் சிவப்பு வேண்டுமென்றால் அது போதும். இந்த இரண்டும் ஒரு வருடம் நன்றாக வந்த பிறகு பெரிய பூ ஒட்டு ரகங்களில் ஒன்றை முயன்று பாருங்கள்.

வெயிலுக்கென்றே ரோஜா உருவாக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். ஐ.ஏ.எஸ். பணியை விட்டுக் கொடைக்கானலில் குடியேறிய எம்.எஸ்.வீரராகவன், மனைவி கிரிஜாவுடன் சேர்ந்து இதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். குளிர்நாட்டு ரகங்களையே திரும்பத் திரும்பக் கலப்பதை விட்டு, நம் நாட்டு நீர்நிலைகளை ஒட்டி வளரும் ரோசா கிளைனோஃபில்லாவையும் மணிப்பூர் மலைகளின் ரோசா ஜைகான்டியாவையும் பெற்றோராக வைத்துப் புது ரகங்களை உண்டாக்கினார். தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரிலும் அவர்கள் உருவாக்கிய ஒரு ரோஜா இருக்கிறது. இந்த ரகங்களை நம் பக்கத்து நர்சரிகளில் பார்ப்பது அரிது. தோட்டக்கலைத் துறையும் நர்சரிக்காரர்களும் மனது வைத்து இவற்றை நம் சமவெளிக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள். அடித்தண்டைப் பாருங்கள். தடிமனாக, இரண்டு மூன்று கிளை ஒட்டிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும். கீழ் இலைகள் உதிர்ந்து உச்சியில் மட்டும் ஒரு பூ நிற்கிற செடி வேண்டாம். அப்புறம் செடி இருக்கும் கவரை அமுக்கிப் பாருங்கள். தூரத்து நர்சரிச் செடிகள் பல பிசுபிசுப்பான களிமண் உருண்டையில் வருகின்றன. லாரியில் வேர் ஆடாமலிருக்க அது உதவும். ஆனால் காய்ந்துவிட்டால் அந்த உருண்டை கல்லாகிவிடும். நீங்கள் தினமும் ஊற்றும் தண்ணீர் அதைச் சுற்றி வழிந்து போகும், உள்ளே வேர் வறண்டு கிடக்கும். உங்கள் மூன்று செடிகள் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். பட்டுப்போன செடியைப் பிடுங்கிப் பாருங்கள், உருண்டை முழுசாக வரும்.

வாங்கி வந்ததும் நடாமல் ஒரு வாரம் நிழலில் வையுங்கள். பிறகு கவரோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி நின்றதும் எடுத்து, கவரைக் கிழித்து, வெளிக்களிமண்ணைத் தண்ணீர் விட்டுக் கரைத்தபடி விரலால் மெல்லத் தளர்த்துங்கள். நடு வேரைக் கலைக்க வேண்டாம். ஒன்றரை அடிக் குழியில் மேல்மண், மக்கிய தொழு எரு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே இரண்டு விரற்கடை தெரிய வேண்டும். காலை வெயில் நன்றாகப் பட்டு, பிற்பகலில் சுவரோ மரமோ நிழல் தருகிற கிழக்குப் பக்கமே நம் ஊருக்குச் சரி.

பிழைத்த செடியில் நீளமான ஒரு கிளை மட்டும் வேகமாக வளர்கிறது, பூவே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதன் அடி எங்கிருந்து வருகிறது என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒட்டுக்குக் கீழே இருந்தால் அது வேர்ச்செடியின் கிளை. இலைகள் சிறுத்து வெளிறியிருக்கும். அதைக் கத்தரிக்காமல் அடியோடு பிய்த்து எடுங்கள். வெட்டினால் மறுபடி துளிர்க்கும். அப்படியே விட்டால் மேலே இருக்கும் நல்ல ரோஜாவைப் பட்டினி போட்டுவிடும்.

முட்டை ஓடு போடலாமா என்ற உங்கள் கேள்விக்கு, முதலில் உங்கள் மண் எது என்று தெரிய வேண்டும். ஆண்டிமடம் பக்கம் முந்திரி விளையும் செம்மண், அரியலூர் பக்கம் போனால் சிமென்ட் ஆலைகளே வந்து உட்காரும் அளவுக்குச் சுண்ணாம்பு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் முட்டை ஓடு தேவையே இல்லை. அங்கே ரோஜாவுக்கு இரும்புச்சத்துதான் எட்டாமல் போகும். இளந்துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அன்னபேதியை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சோழமாதேவியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மண் பரிசோதனைக்கு என்ன செய்வது என்று அங்கே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கத்திரியில் உரம் போடாதீர்கள், கவாத்தும் செய்யாதீர்கள். வேரடியில் முந்திரிச் சருகைக் கனமாகப் பரப்பி, காலையில் தண்ணீர் விட்டால் போதும். கவாத்துக்கு ஐப்பசி நல்லது. மழை விட்ட ஒரு நாளில், காய்ந்த குச்சியையும் மெலிந்த கிளையையும் கழித்து, செடியை ஒன்றரை அடிக்கு இறக்கி, எரு வையுங்கள். சுமார் 45 நாளில் பூக்கும், அதாவது மார்கழிக் கோலத்துக்கு உங்கள் வீட்டுப் பூவே இருக்கும். கார்த்திகை அடைமழையில் இலையில் கரும்புள்ளி விழும். விழுந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். இலைப்பேனுக்கு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் அடியுங்கள்.

இப்போது டெம்போ வந்தால் வாங்காதீர்கள். மழை பிடித்து மண் குளிரட்டும். அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலாவது பன்னீர் ரோஜா இருந்தால், கவாத்து செய்யும் நாளில் பென்சில் தடிமனில் நான்கு குச்சி கேட்டு வாங்கி நடுங்கள். செலவே இல்லை. துளிர்த்ததும் எழுதுங்கள், எத்தனை பிழைத்தது என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் தோட்டப் பகுதி எழுத்தாளர்