காற்றைக் கூட்டினால் கழிவுநீர் தெளியுமா? எஸ்.டி.பி. பற்றிய ஆறு நம்பிக்கைகளும் உண்மைகளும்

பெங்களூரில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தளத்திலோ பின்புறத்திலோ ஒரு எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஓடிக்கொண்டிருக்கிறது. வீடுகளின் கழிவுநீரை அங்கேயே சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் திருப்பி அனுப்புகிறார்கள். நகரில் இத்தகைய சிறு நிலையங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டாங்கருக்குக் காத்துக் கிடந்தபோது இந்த நீரின் அருமை பலருக்கும் புரிந்தது.

இந்த நிலையங்களின் மின்செலவில் பாதியோ அதற்கு மேலோ தொட்டிக்குள் காற்றை ஊதவே போகிறது. அந்தக் காற்றைப் பற்றித்தான் தவறான நம்பிக்கைகளும் அதிகம். தொட்டியிலிருந்து வெளியேறும் வாயுவை அளந்து பார்த்தால் அவற்றில் பல நிற்காது.

நம்பிக்கை 1: காற்று எவ்வளவு கூடுதலோ, தண்ணீர் அவ்வளவு சுத்தம்.

உண்மை: சுத்தம் செய்வது நுண்ணுயிர்கள், காற்று அவற்றுக்கு ஆக்சிஜன் கொடுக்கிறது, அவ்வளவே. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் இதைத்தான் செய்து காட்டினார்கள். கழிவுநீரில் வெறுமனே காற்றை ஊதியபோது அம்மோனியா முழுதும் நைட்ரேட்டாக மாற ஏறத்தாழ ஐந்து வாரம் பிடித்தது. நுண்ணுயிர்கள் நிறைந்த, படிந்த கசடைக் கொட்டாமல் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு, அதன்மேல் புதுக் கழிவுநீரைத் திரும்பத் திரும்ப விட்டபோது அதே வேலை ஒரே நாளுக்குள் முடிந்தது. அந்த ஆய்வுக்குத் தூண்டுகோலாக இருந்த கில்பர்ட் ஃபவுலர் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். இந்த அறிவு நம் ஊருக்கு நூறாண்டுப் பழக்கம்.

பொதுவாக ஒரு லிட்டர் நீரில் 2 மில்லிகிராம் அளவுக்குக் கரைந்த ஆக்சிஜன் இருந்தாலே நுண்ணுயிர்களுக்குப் போதும். அதற்கு மேல் ஊதும் காற்றால் அவற்றின் வேலை பெரிதாகக் கூடுவதில்லை. வேகமான கலக்கத்தில் கசடுத் திரள்கள் உடைந்து, படியாமல் தெளிநீரோடு வெளியேறும். நைட்ரேட்டை நீக்க ஆக்சிஜன் இல்லாத பகுதி ஒன்று வேண்டும். மிச்சக் காற்று அங்கே போய்ச் சேர்ந்தால் அந்த வேலையும் கெடும்.

நம்பிக்கை 2: தொட்டி முழுதும் குமிழி பொங்கினால் ஆக்சிஜன் நன்றாகக் கரைகிறது.

உண்மை: மேலே வந்து வெடிக்கும் குமிழி, கரையாமல் தப்பிய காற்று. பெரிய குமிழிகள் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும். ஆனால் விரைந்து மேலேறிவிடுவதால் கொடுக்கும் ஆக்சிஜன் குறைவு. காற்றைக் குமிழிகளாக வெளிவிடும் டிஃப்யூசரின் ரப்பர் கிழிந்திருந்தாலும் இப்படித்தான் பொங்கும்.

எவ்வளவு கரைந்தது என்பதை அறிய நேரடி வழி உண்டு. 1983-இல் அமெரிக்காவில் ரெட்மன், பாயில், யூயிங் ஆகியோர் அதை விளக்கி வெளியிட்டார்கள். நீரின்மேல் ஒரு மூடியை மிதக்கவிட்டு, அதற்குள் சேரும் வாயுவிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் நீக்கிவிட்டு, மீதியில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்று அளக்க வேண்டும். உள்ளே போகும் காற்றில் 20.9 சதவீதம். வெளியே வருவதில் 19 சதவீதம் இருந்தால், ஊதிய ஆக்சிஜனில் 100-க்கு ஏறத்தாழ 11 பங்குதான் கரைந்தது. மீதி 89 பங்கும் வீண். மூடி நீரைத் தொட்டு மிதக்க வேண்டும் என்பது முக்கியம். அறைக் காற்று கலந்துவிட்டால் அளவீடு பொய்யாகிவிடும்.

இங்கே சோப்புக்கும் பங்குண்டு. 4 மீட்டர் ஆழத்தில் நுண்குமிழி டிஃப்யூசர் தூய நீரில் கால்பங்கு ஆக்சிஜனைக் கரைக்க வல்லது. கழிவுநீரில் அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். பெல்லந்தூர் ஏரியில் மலைபோல் நுரை எழக் காரணமான அதே சலவைப் பொருள்கள்தான் குமிழியின் மேற்பரப்பிலும் படிந்து ஆக்சிஜனைத் தடுக்கின்றன. சுத்தநீரில் சோதித்த எண்ணை நம்பி நிலையத்தை ஓட்ட முடியாது.

நம்பிக்கை 3: டி.ஓ. (கரைந்த ஆக்சிஜன்) மீட்டர் 2 காட்டினால் எல்லாம் சரி.

உண்மை: அந்த எண் வரவும் செலவும் போக மிஞ்சிய இருப்பு. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று அது சொல்லாது. மீட்டர் அளப்பதும் ஒரே ஒரு இடத்தை. உணரியில் அழுக்குப் படிந்தால் அதுவும் தவறும்.

பெங்களூருக்குத் தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் சுமார் 10 சதவீதம் குறைவு. கடலோரத்தில் 25 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், இங்கே 7.4 அளவிலேயே நின்றுவிடும். உயரத்தைக் குறிப்பிடாமல் மீட்டரை அளவுதிருத்தம் செய்தால் 1.8 இருக்கும்போதே 2 என்று காட்டும். சென்னைக்கென்று கணக்கிட்ட காற்றூதி (ப்ளோயர்) இங்கே அதே கனமீட்டர் காற்றை ஊதினாலும், அதில் பத்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவு.

டி.ஓ. அளவையும் வெளியேறும் வாயுவையும் சேர்த்துப் படித்தால் காரணம் பிடிபடும். ஊதும் காற்றை மாற்றாமலே, வெளியேறும் வாயுவில் ஆக்சிஜன் கூடுகிறது என்று வையுங்கள். கூடவே டி.ஓ.வும் ஏறினால் கழிவுநீரின் சுமை குறைந்திருக்கிறது, காற்றைக் குறைக்கலாம். டி.ஓ. இறங்கினால் டிஃப்யூசர் அடைத்திருக்கிறது அல்லது சலவைப் பொருள் மிகுந்திருக்கிறது. இப்போது தேவை சுத்தம் செய்வது. மாறாக, வெளியேறும் வாயுவில் ஆக்சிஜன் குறைந்து, டி.ஓ.வும் இறங்கினால் சுமை ஏறியிருக்கிறது. காற்றைக் கூட்ட வேண்டும். டி.ஓ. எண்ணை மட்டும் பார்ப்பவர், அடைத்த டிஃப்யூசருக்கும் ஏறிய சுமைக்கும் ஒரே மருந்தாகக் காற்றைக் கூட்டுவார். மின்கட்டணம் ஏறும், அடைப்பு அப்படியே இருக்கும்.

நம்பிக்கை 4: காற்றைக் குறைக்க வால்வை மூடினால் மின்சாரம் மிச்சம்.

உண்மை: குடியிருப்புகளில் பெரும்பாலும் இருப்பது ரூட்ஸ் வகை ப்ளோயர். ஒவ்வொரு சுற்றுக்கும் அது குறிப்பிட்ட கன அளவுக் காற்றைத் தள்ளியே தீரும். வழியை அடைத்தால் அழுத்தம் ஏறி, மோட்டார் இழுக்கும் மின்சாரமும் ஏறும், ப்ளோயர் சூடாகும். மிச்சம் வேண்டுமானால் சுழலும் வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். அதற்கு வி.எஃப்.டி. கருவி இருக்கிறது. அதிலும் ஒரு கீழெல்லை உண்டு: கசடு அடியில் படியாமல் கலங்கிக்கொண்டிருக்கத் தேவையான காற்று எப்போதும் ஓட வேண்டும்.

நம்பிக்கை 5: இரவில் ப்ளோயரை நிறுத்திவைத்தால் தவறில்லை.

உண்மை: நள்ளிரவில் தண்ணீர்ப் புழக்கம் குறைவதால் காற்றுத் தேவையும் குறைகிறது, அப்போது வேகத்தைக் குறைப்பது நியாயம். டைமர் வைத்துச் சிறு இடைவெளிகளில் நிறுத்தி ஓட்டுவதும் முறையான உத்தியே. சத்தத்துக்குப் பயந்து விடியவிடிய நிறுத்துவது வேறு. கசடு அடியில் படிந்து, ஆக்சிஜன் தீர்ந்து, ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகிறது. காலையில் ப்ளோயரைப் போட்டதும், கரைந்திருந்த அந்த நச்சு வாயுவைக் காற்றே வெளியே அள்ளி வருகிறது. அந்த நேரம் மூடிய அறைக்குள் நிற்பவர் ஆபரேட்டர். குடியிருப்பாளர்களின் தூக்கத்துக்கு அவர் உயிரை விலை வைக்கக்கூடாது. சத்தத்துக்குத் தீர்வு ப்ளோயர் அறைக்கு ஒலித்தடுப்பு அமைப்பது.

நம்பிக்கை 6: நாற்றம் இல்லையென்றால் கெடுதலும் இல்லை.

உண்மை: அழுகிய முட்டை நாற்றத்தால் அடையாளம் தெரியும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது முகரும் திறனையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றதை ஆபத்து நீங்கியதாக நினைத்து உள்ளே இறங்கியவர்கள் திரும்பவில்லை. வாயுமானியால் அளக்காமல், பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் யாரையும் இறக்குவதை கையால் கழிவகற்றுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கிறது.

மூக்குக்குப் பிடிபடாத இன்னொன்று நைட்ரஸ் ஆக்சைடு. நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல் 273 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் தேவை. எல்லா வீடுகளும் ஒன்றாக விழிக்கும் காலை வேளையில் சுமை ஏறி, ஆக்சிஜன் பற்றாமல் போனால் வேலை பாதியில் நின்று, நைட்ரைட் தேங்கி, இந்த வாயு கூடும். ஆகவே காற்றை மிச்சம் பிடிப்பதே குறிக்கோள் என்று கொள்வதும் பிழை. பெரிய நிலையங்களில் இந்த வாயுவைத் தொடர்ந்து அளப்பது காற்றூட்டலின் குறையைக் காட்டிக்கொடுக்கும்.

குடியிருப்போர் அசோசியேஷன் செய்யக்கூடியவை

தொடர்ந்து அளக்கும் விலையுயர்ந்த கருவியை ஒவ்வொரு குடியிருப்பும் வாங்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வெளியேறும் வாயுவைச் சோதிக்க வல்லுநரை அழைக்கலாம். டி.ஓ. மீட்டரில் பெங்களூரின் உயரத்தைப் பதிந்து முறையாக அளவுதிருத்தம் செய்யலாம். வி.எஃப்.டி. பொருத்தலாம். ஆபரேட்டர் கையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுமானி கட்டாயம் இருக்க வேண்டும். எஸ்.டி.பி. வடிவமைப்பு, இயக்கம், பராமரிப்பு பற்றிக் கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011-இல் வெளியிட்ட கையேட்டைக் குழுவில் ஒருவராவது முழுதாகப் படிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த எண் ஏறினால் என்ன பொருள் என்பதை ஆபரேட்டருக்கு அவர் மொழியிலேயே சொல்லிக்கொடுத்து, முடிவெடுக்கும் உரிமையையும் தர வேண்டும்.

2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் கோலார் மாவட்ட ஏரிகளுக்குப் போகிறது. நாம் வெளியேற்றும் நீரை நம்பி இன்னொரு ஊரின் ஏரி நிறைகிறது. அந்த நீர் எப்படிச் சுத்தமாகிறது என்பதைக் கேள்விப்பட்டதை வைத்து முடிவு செய்யும் உரிமை நமக்கில்லை. அளந்து பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.