ஒரு ராத்திரி மட்டும் பூக்கும் பூ

அபூர்வப் பூவும் விலங்கும் பார்க்க கினாபாலு மலைக்குத்தான் போகணுமா? சுங்கை புரோங்கிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா இருக்கிறது. மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால் 1987-இல் உருவான சதுப்புநிலக் காடு அது. பகலில் கொக்கு, லோத்தோங் குரங்கு பார்க்கலாம். இருட்டியதும் கம்போங் குவாந்தானில் சம்பான் ஏறுங்கள்.

ஆற்றோரம் நிற்பது பெரெம்பாங் மரம். அதன் இலைகளில் ஆண் மின்மினிகள் வினாடிக்குச் சுமார் மூன்று முறை ஒன்றாக மின்னும். அவற்றுக்குத் தலைவன் கிடையாது. ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துத் தன் தாளத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். நம் பஜனையில் கைத்தாளம் சேர்வதும் அப்படித்தானே?

பெரெம்பாங் பூ இரவில் விரிந்து, விடிந்ததும் உதிர்ந்துவிடும். அதன் தேனைத் தேடி வௌவால்கள் வரும். நாம் தைப்பூசத்துக்குப் போகும் பத்துமலைக் குகைகளில் வாழும் தேன் வௌவால், பல கிலோமீட்டர் பறந்து கடலோரத்துப் பெரெம்பாங் இனப் பூக்களை நாடுகிறது. டுரியான் பூவில் மகரந்தம் சேர்ப்பதும் இதே வௌவால்தான். டுரியான் பூப்பது கொஞ்ச நாள்தான். மற்ற நாளில் அதற்குச் சோறு போடுவது சதுப்புநிலம். ஆற்றோர மரம் போனால் நம் டுரியானும் குறையும்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். போன வருஷம் பயிற்சி வேலையில் ஒரு கால்வாய்க்கு வரைபடம் போட்டேன். கரையோரப் புதரை 'வெற்று நிலம்' என்று குறித்தேன். யாரும் தவறு என்று சொல்லவில்லை. பிறகு படித்தேன்: மின்மினியின் புழு வளர்வது அந்த மாதிரி ஈரமண்ணில், நத்தையைத் தின்று. மரத்தை மட்டும் விட்டுவைத்தால் போதாது. திரும்பிப் போய் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். குறிப்பை மாற்றிக் கொடுத்தேன். கரை தப்புமா என்பது இன்னும் முடிவாகவில்லை.

பாடத்துக்குப் பின் பேசுங்கள்:

1. உங்கள் தோட்டத்துக் கால்வாயோரம் எதை 'வெற்று' என்கிறோம்? அங்கே என்னென்ன வாழ்கிறது?

2. சம்பானில் கைப்பேசி விளக்கை ஏன் அணைக்க வேண்டும்? ஒளியால் பேசும் பூச்சிக்கு நம் வெளிச்சம் என்ன செய்யும்?

அடுத்த வாரம் பதிலோடு வாங்க.