மாத்திரையை விட எந்த மாத்திரை?

தமிழ்நாட்டில் போலீஸ் பறிமுதல் செய்யும் மாத்திரைகளில் டபென்டடால் பெயர் சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப அடிபடுகிறது. கடும் வலிக்கு டாக்டர் எழுதித் தருகிற மாத்திரைதான். அதே இனத்தைச் சேர்ந்த டிரமடாலை 2018-இல் மத்திய அரசு போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. விருதுநகர் மாவட்டச் சேத்தூரில் ஒரு வீட்டுப் பையன் இதில் சிக்கி, "விட்டுடறேன்" என்று வாய் திறந்துவிட்டால், எந்த மருந்து, எந்த ஆஸ்பத்திரி என்று உடனே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

கடைசி மாத்திரை போட்டு 8 முதல் 24 மணி நேரத்துக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் கைகால் உளைச்சலும் பேதியும் உச்சத்துக்குப் போகும். ஒரு வாரம், பத்து நாளில் உடம்பு அடங்கிவிடும். தூக்கம் மட்டும் லேசில் வராது.

பக்கத்து ஆஸ்பத்திரியில் எளிதாகக் கிடைக்கக்கூடியது குளோனிடின். பிரஷருக்கான பழைய மாத்திரை; போதை வகை அல்ல. வியர்வை, நடுக்கம், படபடப்பு குறையும். உளைச்சல் அவ்வளவாகக் குறையாது, ஏக்கம் துளியும் குறையாது. ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் பிரஷர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்; படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழுவார். பேதிக்கும் வாந்திக்கும் வலிக்கும் தனித்தனி மாத்திரை வேறு.

பியூப்ரினார்ஃபின் வேறு விதம். போதை மருந்து உட்காரும் அதே இடத்தில் போய் உட்கார்ந்து, பாதி வேலை மட்டும் செய்யும். விழுங்கினால் பெரும்பாலும் வீண். நாக்குக்கு அடியில் வைத்துக் கரையும்வரை, ஐந்து பத்து நிமிடம், எச்சில்கூட விழுங்காமல் இருக்க வேண்டும். ஊசியில் ஏற்றாமல் இருப்பதற்காக நலோக்சோன் கலந்தும் வருகிறது. முதல் வேளை எப்போது என்பதில்தான் சூட்சுமம்: நிறுத்தியதால் வரும் அவதி நன்றாகத் தலைகாட்டிய பிறகே கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் அவதி ஒரேயடியாக ஏறிவிடும். 'மருந்து ஒத்துக்கலை' என்று ஆளும் ஓடிவிடுவார்.

மெதடோனும் நல்ல மருந்து. இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அவதியைத் தணிப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம், இரண்டுமே குளோனிடினைவிட மேல் என்பதே ஆய்வுகளின் தொகுப்பு சொல்வது. ஆனால் மெதடோன் தரும் மையங்கள் இந்தியாவில் குறைவு, தினமும் நேரில் போய்க் குடிக்க வேண்டும், இதயத் துடிப்பையும் கவனிக்க வேண்டும். சேத்தூரிலிருந்து மதுரை போன்ற பெரிய ஊருக்குப் போவதென்றாலே 80 கிலோமீட்டருக்கு மேல். கூலி வேலைக்குப் போகிறவருக்குக் கட்டுப்படியாகாது.

என் ஓட்டு பியூப்ரினார்ஃபினுக்கு. காரணம் முதல் வாரம் அல்ல, இரண்டாம் மாதம். பத்து நாளில் குணமாகி வீடு திரும்பியவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது; நப்பாசையில் அதே அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடும். பியூப்ரினார்ஃபினை மாதக்கணக்கில் தொடர முடியும். ஆள் நிலைப்பட்ட பிறகு சில நாளுக்கானதைக் கையில் கொடுத்தனுப்பும் மருத்துவர்களும் உண்டு. 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை' என்று வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். சர்க்கரைக்கு ஆயுசு முழுக்க மாத்திரை போடுகிறவர்களும் அவர்கள்தான்.

நால்ட்ரெக்சோன் பற்றியும் யாராவது சொல்வார்கள். அது திரும்பப் போகாமல் தடுக்கிற மருந்து. ஏழு முதல் பத்து நாள் சுத்தமாக இருந்த பிறகுதான் தொடலாம். அதற்கு முன் கொடுத்தால் பெரும் அவதி. கர்ப்பிணிக்குத் திடீர் நிறுத்தமே ஆபத்து, நேரே மகப்பேறு மருத்துவமனைதான். தூக்க மாத்திரையோ சாராயமோ கூட ஓடுகிறது என்றால் அதை மறைக்காதீர்கள்; பியூப்ரினார்ஃபினோடு சேர்ந்தால் மூச்சை அமுக்கும்.

விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவில் பியூப்ரினார்ஃபின் கையிருப்பு உண்டா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். வழி தெரியாவிட்டால் 14446 என்ற இலவச போதை மீட்பு உதவி எண். காலி அட்டைகளைத் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள்: டிரமடால் என்றால் வலிப்பு வந்ததா என்று மருத்துவர் கேட்பார்.