லாரி வேலை போயிடுச்சா தம்பி? சாவியைக் கொடுக்கும் முன்னாடி இதைப் படி!

"வண்டியை ஷெட்ல விடு, நாளையிலிருந்து வராதே" என்று சொல்லிட்டாங்களா? வழியில் ஆளை ஏத்தினே, ஓட்டும்போது போன் பேசினே, ஜிபிஎஸ்ல வண்டி ரொம்ப நேரம் நின்னதாகக் காட்டுது என்று எதையாவது சொல்லி, "கம்பெனி ரூல்" என்று முடிச்சிருப்பாங்க. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் தோல் லோடு அடிக்கிற பிள்ளைகளுக்கு இது நடக்கிறதைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதறேன். கோபத்தைக் கொஞ்சம் ஓரமா வை.

1. ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதே.
எங்க வீட்டுக்காரர் பண்ணின தப்பு இதுதான். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னரை இறக்கிட்டு, ராத்திரியெல்லாம் தூங்காம வந்து நின்னார். "பாக்கி வேணும்னா இதுல கையெழுத்துப் போடு" என்றாங்க. படிக்காமலே போட்டுட்டார். "சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்" என்று அதில் இருந்தது. அப்புறம் லேபர் ஆபீஸ் போனா, முதலில் அந்தக் காகிதத்தைத்தான் எடுத்துக் காட்டினாங்க. வேலையை விட்டு நிறுத்தப்பட்டவனுக்குத்தான் வழக்கு. தானா விலகினவனுக்கு ஏது?
"படிச்சுப் பார்த்துட்டு நாளைக்குத் தரேன் சார்" என்று சொல்லிட்டு வா. வெள்ளைத்தாளில் கையெழுத்து கேட்டா கண்டிப்பா போடாதே. வேலையை விட்டு எடுத்தா 2 வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைக் கொடுக்கணும் என்பது சட்டம். அவங்க தயவில் தர்ற காசு இல்ல அது.

2. வண்டியைச் சும்மா விட்டுட்டு வராதே.
கிலோமீட்டர், டீசல் முள், ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய், கயிறு எல்லாத்தையும் போனில் படம் எடு. உப்புத் தோல் ஏத்தின வண்டி என்றால் பாடியில் துரு இருக்கும், அதையும் எடு. "நீதான் கெடுத்தே" என்று பிற்பாடு பிடித்தம் பண்ணினா, இந்தப் படங்கள்தான் பேசும். பில், கேட் பாஸ் கொடுத்ததுக்கு ஒரு கையெழுத்து வாங்கு. பாக்கி தரும் வரைக்கும் சாவியைத் தரமாட்டேன் என்று மட்டும் நிக்காதே. அது உன் மேலேயே போலீஸ் கேஸா திரும்பும்.

3. லைசென்ஸ் ஆபீஸ் பீரோவில் இருந்தா அன்னிக்கே வாங்கு.
அது உன் சொத்து.

4. காரணத்தை எழுத்தில் கேள்.
தரலைன்னா, "இந்தத் தேதியில் வாய்மொழியாக நிறுத்தினீர்கள், காரணம் தெரிவியுங்கள்" என்று நாலு வரி எழுதி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்து. நிரந்தர வேலை என்றால் குற்றச்சாட்டுக் கடிதம், உன் பதில், விசாரணை எல்லாம் நடந்திருக்கணும். சஸ்பெண்ட் பண்ணி விசாரிச்சா முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் உண்டு.

5. சரியான லேபர் ஆபீஸுக்குப் போ.
2019-ல் வேலூர் மாவட்டத்தை மூணாப் பிரிச்சாங்க. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்குப் போயிடுச்சு. வாலாஜா, மேல்விஷாரம் ராணிப்பேட்டையில். பேரணாம்பட்டு, குடியாத்தம் இன்னும் வேலூர்தான். பழைய நினைப்பில் வேலூருக்கு பஸ் ஏறி ஒரு நாளை வீணாக்காதே.
அங்கே சமரசப் பேச்சு நடக்கும். 45 நாளில் முடியலைன்னா நீயே நேரா வழக்குப் போடலாம். முன்னாடி 3 வருஷ அவகாசம் இருந்தது, புதுச் சட்டத்தில் 2 வருஷம்தான். வக்கீலுக்குக் காசில்லையா? 15100-க்கு போன் போடு. தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு.
நீ நிஜமாவே போன் பேசியிருந்தா, இல்லவே இல்லைன்னு சாதிக்காதே. தப்புக்கு மீறின தண்டனை என்று பட்டா, அதைக் குறைக்க லேபர் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. பொய் மாட்டினா அந்த வழியும் அடைபடும்.

6. பிஎஃப், கிராஜுவிட்டியை விடாதே.
வேலை விட்ட தேதி பிஎஃப் கணக்கில் ஏறியிருக்கா என்று உமாங் ஆப்பில் பார். ஏறலைன்னா பணம் எடுக்கும்போது இழுக்கும். பென்ஷன் பங்கை அவசரப்பட்டு எடுக்காதே. மொத்தம் 10 வருஷ சர்வீஸ் சேர்ந்தா 58 வயசில் பென்ஷன் வரும்.
5 வருஷம் முடிச்சிருந்தா கிராஜுவிட்டி உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000, சர்வீஸ் 8 வருஷம் என்றால் சுமார் 55,385 ரூபாய். ரூலை மீறினதால் எடுத்தோம் என்று சொல்லி மட்டும் இதை மறுக்க முடியாது. நீ நஷ்டம் பண்ணியிருந்தா அந்த அளவுக்குப் பிடிக்கலாம். அடிதடி, திருட்டு என்றால்தான் முழுசா போகும்.

7. அடுத்த வண்டி.
தோல் ஷாப்புகளுக்கு ஆசிட், கெமிக்கல் லோடு வந்துக்கிட்டே இருக்கு. அதை ஓட்ட அபாயச் சரக்குப் பயிற்சி வேணும், 3 நாள்தான். சும்மா இருக்கிற இந்த வாரத்தில் முடிச்சு லைசென்ஸில் பதிவு பண்ணிக்கோ. புது ஓனர் கேட்டா நடந்ததை ரெண்டு வரியில் சொல், பழைய ஓனரைத் திட்டாதே. லைன்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஓட்டுநர் நல வாரியத்திலும் பேரைப் பதிஞ்சு வை.

8. வீட்டில் மறைக்காதே.
டிரிப் போறேன்னு கிளம்பி, பள்ளிகொண்டா டோல்கேட் டீக்கடையில் பொழுதைக் கழிக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கேன். ஒரு வாரத்துக்குள் யாராவது வீட்டில் சொல்லிடுவாங்க. முதல் மாசக் குழுக்கடன் தவணைக்குக் கந்துவட்டி வாங்காதே. நகை இருந்தா பேங்க்ல வை.

சரி, எழுந்திரு. லைசென்ஸை எடுத்து, முடியும் தேதியைப் பார். கனரக வண்டி லைசென்ஸ் 5 வருஷம்தான். அது காலாவதியாகிக் கிடந்தா இன்னிக்கே புதுப்பிக்க எழுதிப் போடு.