நீர் வடியும் கண்ணும் வறண்ட கண்ணாக இருக்கலாம்

"எனக்கு எந்நேரமும் கண்ணில் நீர் வடிகிறது. கண் வறட்சி என்கிறார் டாக்டர். அது எப்படி?"

நியாயமான சந்தேகம்தான். கண் வறட்சி என்றதும் நீர் குறைந்துவிட்டது என்றே நினைக்கிறோம். பலருக்கு நீர் போதுமான அளவு சுரக்கிறது. அதில் கலந்திருப்பவைதான் சரியாக இல்லை.

கருவிழி மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஏறக்குறைய மூன்று பங்கு தடிமன்தான். அதற்குள் கருவிழியைப் பற்றி நிற்கும் சளிப்பொருளும், உப்பும் புரதங்களும் கரைந்த நீரும், மேலே மெல்லிய கொழுப்பும் இருக்கின்றன. கொழுப்பைச் சுரப்பவை இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகள். அவை அடைத்துக்கொண்டால் நீர் சீக்கிரம் ஆவியாகி, மிஞ்சிய கண்ணீரில் உப்பு செறிந்துவிடும். அந்த உப்பு மேற்பரப்புச் செல்களை வதைத்து அழற்சியைக் கிளப்ப, அழற்சி படலத்தை இன்னும் குலைக்கிறது. உறுத்தலை உணர்ந்த நரம்புகள் கண்ணீர்ச் சுரப்பியை முடுக்கிவிட, நீர் கொட்டுகிறது. அவசரத்தில் சுரந்த அந்த நீர் கன்னத்தில் வழிந்துவிடும், கண்ணில் நிலைக்காது. கண் வறட்சியில் பெரும்பங்கு இப்படி ஆவியாதலால் வருவதே.

"தாள் வைத்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்படியானால் இந்த எரிச்சல் என் மனப்பிரமையா?"

இல்லவே இல்லை. இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நினைத்தால் மனம் வலிக்கிறது. கீழிமையில் வடிதாளைச் செருகி, 5 நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பது ஷிர்மர் சோதனை. ஜெர்மானிய மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் 1903இல் விவரித்த இந்த முறை இன்றும் பயன்படுகிறது. ஆனால் அது கண்ணீரின் அளவைத்தான் சொல்லும்.

கண்ணீரின் வேதியியலைப் பார்க்க வேறு சோதனைகள் உண்டு. முதலாவது உப்புச் செறிவு. ஒரு மைக்ரோலிட்டரில் இருபதில் ஒரு பங்கு கண்ணீர் இருந்தாலே அளந்துவிடும் கருவி வந்துவிட்டது. லிட்டருக்கு 308 மில்லி ஆஸ்மாலை எட்டினாலோ, இரு கண்களுக்கும் இடையே 8க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ வறட்சியைச் சந்தேகிக்கலாம். அழற்சியின்போது கூடும் எம்எம்பி-9 என்ற நொதியைப் பத்தே நிமிடத்தில் காட்டும் சிறு பட்டையும் இருக்கிறது. லாக்டோஃபெரின் என்ற புரதம் குறைந்திருந்தால், கண்ணீர்ச் சுரப்பியே சோர்ந்திருக்கிறதோ என்று யோசிக்க வேண்டும். சிகிச்சை இங்கேதான் பிரிகிறது: இமைச் சுரப்பி அடைத்தவருக்கு வெந்நீர் ஒத்தடமும் இமைச் சுத்தமும், அழற்சி உள்ளவருக்கு அதைத் தணிக்கும் மருந்து.

"அப்படியானால் கண்ணீரை ஒருமுறை சோதித்தால் போதுமே?"

போதாது. வறண்ட கண்ணில் உப்புச் செறிவு வேளைக்கு வேளை மாறும். அந்த ஏற்ற இறக்கமே நோயின் ஓர் அடையாளம். எம்எம்பி-9 வேறு அழற்சிகளிலும் கூடும். அதனால் நோயாளி சொல்லும் தொந்தரவுகளையும், படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்பதையும், சாயமிட்டால் மேற்பரப்பில் தெரியும் சேதத்தையும் சேர்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

"எல்லாம் உடம்புச் சூடு. விளக்கெண்ணெயோ தாய்ப்பாலோ இரண்டு சொட்டு விட்டால் சரியாகும்."

வேண்டாம். கிருமி நீக்காத எதையும் கண்ணில் விடுவது தொற்றை வரவழைக்கும். திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைவது, ஏசி காற்று, சில ஒவ்வாமை மாத்திரைகள், மாதவிடாய் நின்றபின் வரும் ஹார்மோன் மாற்றம் ஆகியவையே காரணமாக இருக்கலாம். கடையில் தானாக வாங்கும் சொட்டு மருந்திலும் கவனம் தேவை. அதில் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தி இருந்து, நாளுக்குப் பலமுறை விட்டால், அதுவே கண்ணீர்ப் படலத்தைக் குலைக்கும்.

கண்ணோடு வாயும் வறள்கிறது, மூட்டும் வலிக்கிறது என்றால் கண் மருத்துவரிடம் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரென் நோயாக இருக்கலாம். பெண்களையே அதிகம் பாதிப்பது இது. இதற்கு ரத்தப் பரிசோதனையும், மூட்டுவாத மருத்துவரின் ஆலோசனையும் தேவைப்படும்.