மீனின் செவியும் நம் பிள்ளைகளின் செவியும்



கத்தாழை மீனின் தலையைப் பிளந்தால் உள்ளே இரண்டு வெள்ளைக் கற்கள் இருக்கும். அவை மீனின் காதுக் கற்கள். மீனுக்கு வெளிக்காது கிடையாது. தலைக்குள் உள்செவி மட்டுமே உண்டு. கல்லை ஒட்டி, நுனியில் மெல்லிய மயிர் போன்ற இழைகள் கொண்ட ஆயிரக்கணக்கான அணுக்கள் நிற்கின்றன. இவையே மயிர் அணுக்கள். ஒலி வரும்போது மீனின் உடல் அசைகிறது. கனமான கல் சற்றுப் பின்தங்குகிறது. அப்போது இழைகள் வளைய, செய்தி நரம்பு வழியாக மூளைக்குச் செல்கிறது.

நம் உள்செவியிலும் காக்ளியா என்னும் பகுதியில் மயிர் அணுக்களே ஒலியை உணர்கின்றன. ஒரு காதில் ஏறக்குறைய 15,000 உள்ளன. அத்தனையும் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன.

இங்கேதான் பெரிய வித்தியாசம். திருக்கை, ஆஸ்கார் போன்ற மீன்கள் வளர வளர, புதிய மயிர் அணுக்களும் அவற்றின் காதில் சேர்ந்துகொண்டே இருப்பதை 1980களில் அறிவியலாளர்கள் கண்டனர். மீன்களில் சிதைந்த அணுக்களுக்குப் பதிலாக, பக்கத்தில் உள்ள தாங்கும் அணுக்களிலிருந்து புதியவை உருவாகின்றன. பறவைகளின் செவியிலும் இது நடப்பதை 1988இல் வெளியான ஆய்வுகள் காட்டின. மனிதனின் காக்ளியாவில் இது நடப்பதில்லை. மீனிடமிருந்து இந்த வழியைக் கற்க ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் இழந்த அணுக்களை வளர்த்துத் தரும் சிகிச்சை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே, இருப்பதைக் காப்பதே நம் கடமை.

• இயர்போனின் ஒலி அளவு 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். இடையிடையே காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

• கல்யாண வீட்டில் ஒலிபெருக்கியின் அருகே குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள்.

• ஜென்டாமைசின் போன்ற சில ஊசி மருந்துகள் மயிர் அணுக்களைப் பாதிக்கக்கூடும். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். காதில் இரைச்சலோ கேட்பதில் குறையோ தோன்றினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

• பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்திற்குள் செவித்திறன் சோதனை செய்யுங்கள். "போகப் போகச் சரியாகும்" என்று காத்திருக்காதீர்கள். குறை இருந்தாலும், சீக்கிரம் தெரிந்தால் கருவியின் உதவியோடு பிள்ளை பேசக் கற்றுக்கொள்ளும்.

திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் 78ஆம் வசனத்தில் செவி, பார்வை, இதயம் என அல்லாஹ்வின் அருட்கொடைகள் சொல்லப்படும்போது செவியே முதலில் வருகிறது. அந்த அமானிதத்தைப் பேணுவோம், இன்ஷா அல்லாஹ்.